வேடன் வேடம்

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் மாலை வேளைகளில் பேத்தியுடன் உலவுவது நம் வழக்கம். புதரிடையே கீரி ஓடும், நீர்க்காகம் சிறகுலர்த்தும். மான் எங்கே என்று அவள் கேட்பாள். அவள் கையிலுள்ள படநூலில் மானும் காகமும் எலியும் ஆமையும் உயிர்க் கூட்டாளிகள்.

இளமையில் நமக்கு இத்தகைய நூல் வாய்க்கவில்லை. உருவப் படங்கள் வீட்டிற்குள் வரலாகாதென்பது அத்தாவின் கண்டிப்பு. பரிசாகக் கிடைத்த ஒன்றையும் அழுதுகொண்டே திருப்பிக் கொடுத்தோம்.

இக்கதை முஸ்லிம் உலகிற்கு அந்நியமன்று என்பதைப் பின்னரே அறிந்தோம். பஞ்சதந்திரம் பஹ்லவி மொழி வழியாக, 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ கைப்பட்டு அரபியில் ‘கலீலா வ திம்னா’ ஆயிற்று. 13ஆம் நூற்றாண்டில் வண்ணப் படங்களோடு எழுதப்பெற்ற அதன் பிரதியொன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளது. அத்தா இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்போம், இணங்கியிருப்பாரோ, மாட்டாரோ! அவருடைய பேணுதலை நாம் இன்றும் குறை கூறோம். ஆயினும் அந்த அழுகை மறக்கவில்லை.

மானை மீட்க வந்த ஆமை வேடனிடம் அகப்படுகிறது. உடனே மான் நீர்க்கரையில் செத்தாற்போல் கிடக்க, காகம் அதன் கண்ணைக் கொத்துவதாகப் பாவனை செய்கிறது. வேடன் ஆமையைப் போட்டுவிட்டு மானை நோக்கி ஓட, எலி கட்டை அறுத்துவிடுகிறது. பக்கத்து வீட்டுச் சிறுமியை மானாகப் படுக்க வைத்துப் பேத்தி காகமாகக் குனிவாள். நமக்கு என்றும் வேடன் வேடந்தான்.

“நன்னா, மெதுவா நடக்கிற ஆமை ஏன் வந்துச்சு? வீட்டிலேயே இருந்திருக்கலாமே?” என்றாள் நேற்று. நாம் விடை தேடுவதற்குள் இருவரும் அடுத்த ஆட்டத்திற்கு ஓடிவிட்டனர்.