காற்றில்லாத ஸ்டெப்னி

2019 ஜூன், செப்டம்பர், டிசம்பர். மூன்று காலாண்டுப் படிவங்களிலும் 'ஃபெயில்ஓவர் ஒத்திகை நடந்தது, வெற்றி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். மூன்றில் ஒன்றுகூட நடக்கவில்லை.

அப்போது அம்பத்தூரில் ஒரு டேட்டா சென்டரில் எனக்கு வேலை. மருந்து மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனியின் இரண்டு சர்வர்கள் என் பொறுப்பு. ஒன்று ஓடும், இன்னொன்று கரண்ட்டைக் குடித்துக்கொண்டு சும்மா நிற்கும். ஓடுவது படுத்தால், நிற்பது அதே ஐ.பி. முகவரியை எடுத்துக்கொண்டு, பொது ஸ்டோரேஜைத் தன் பக்கம் இழுத்து, டேட்டாபேஸைக் கிளப்ப வேண்டும். பில் போடுகிறவருக்குத் திரை இரண்டு நிமிடம் உறைந்தாற்போல் இருக்கும், அவ்வளவுதான். சும்மா நிற்பதை நாங்கள் ஸ்டெப்னி என்போம். அந்தச் சொல்லுக்கும் ஒரு ஊர் உண்டு. வேல்ஸில் லானெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904-இல் பிறந்த உபரிச் சக்கரத்தின் பெயர் அது. பிறந்த ஊரில் வழக்கொழிந்தாலும் நம்மூர் மெக்கானிக் ஷெட்டில் இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது.

2019 மார்ச் 31, கணக்கு முடிக்கும் இரவு. வேறொரு வாடிக்கையாளரின் சர்வரில் மெமரி போய்விட்டது. ஸ்டோரில் கையிருப்பு இல்லை. மறுநாள் காலைவரை பொறுக்க அவர்கள் தயாராக இல்லை. என் ஸ்டெப்னியில் 16 ஜி.பி. மெமரி எட்டு இருந்தது, மொத்தம் 128. அதை நிறுத்தி, ராக்கிலிருந்து பாதி வெளியே இழுத்து, மூடியைத் திறந்தேன். ஸ்லாட்டின் இரண்டு ஓரத்துக் கொக்கிகளையும் கட்டைவிரலால் அமுக்கினால் மெமரி 'டக்' என்று மேலே எழும்பும். நான்கு முறை அந்த 'டக்'. காலியான நான்கு ஸ்லாட்டிலும் பிளாஸ்டிக் டம்மியைச் செருகினேன், காற்றோட்டம் கெடக் கூடாது என்று. அதில் மட்டும் எனக்கு எவ்வளவு அக்கறை பாருங்கள்! கைமாற்றுதானே, ஒரு வாரத்தில் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். திரும்ப ஆன் செய்ததும் மானிட்டரிங் திரையில் மெமரி பாதியாகிவிட்டது என்று அலாரம் வந்தது. 'அக்னாலெட்ஜ்' பொத்தானை அழுத்தினேன். அலாரம் அடங்கியது.

ஒரு வாரம் ஒன்பது மாதமானது.

ஒத்திகை பார்த்திருந்தால் முதல் காலாண்டிலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். ஏன் பார்க்கவில்லை? மறதி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒத்திகை என்றால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை நாமாகவே சாய்ப்பது. மாறும்போது இரண்டும் தானே தலைவன் என்று நினைத்துக்கொண்டு ஒரே டிஸ்கில் எழுத ஆரம்பித்தால் டேட்டா கந்தலாகிவிடும். அதைத் தடுக்க, எழுகிற சர்வர் முதலில் மற்றதன் கரண்ட்டைத் துண்டிக்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு எங்கள் தொழிலில் 'ஸ்டோனித்' என்று பெயர். அடுத்தவனைத் தலையில் சுடு என்பதன் சுருக்கம். இதெல்லாம் சரியாக நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஒத்திகையில் கவிழ்ந்தால் பழி என் தலையில் விழும். தானாகக் கவிழ்ந்தால் பழி மெஷின் தலையில் விழும். இந்தக் கணக்கைப் போட்டுத்தான் மூன்று முறையும் பேனாவை எடுத்தேன். ஸ்டெப்னி இருக்கிற தைரியத்தில் தூங்கவும் செய்தேன்.

2020 ஜனவரி 14, போகி. அதிகாலை 2.40-க்கு ஓடிக்கொண்டிருந்த சர்வரின் மதர்போர்டு போனது. ஐ.பி. ஒழுங்காக மாறியது. ஸ்டோரேஜும் வந்தது. டேட்டாபேஸ் மட்டும் எழவில்லை. கிளஸ்டர் சாஃப்ட்வேர் மறுபடி மறுபடி தட்டிப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. ஷிப்டில் என்னோடு இருந்த பையன் லாகில் வந்த வரியை வாசித்தான்: 'அவுட் ஆஃப் மெமரி'.

எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. டேட்டாபேஸ் 80 ஜி.பி. கேட்கும்படி அமைத்திருந்தோம். நான் விட்டுவைத்திருந்தது 64.

பையன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "அண்ணே, போன மாசம் டெஸ்ட் பண்ணப்போ எப்படிண்ணே வந்துச்சு?"

"அப்ப நல்லாத்தாண்டா வந்துச்சு."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு மேல் நடந்தது நாடகம். 80-ஐ 40 ஆக்கினால் போதும், ஐந்து நிமிட வேலை. ஆனால் எடுத்த எடுப்பில் அதைச் சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்களே! கான்ஃபரன்ஸ் காலில் வாடிக்கையாளரின் ஐ.டி. மேனேஜர் இருந்தார். "சார், குடோன்ல இருபது பேர் பில் வராம உட்கார்ந்திருக்காங்க. ஆறு மணிக்கு வண்டி கிளம்பணும். ஏதாவது பண்ணுங்க சார்" என்று கெஞ்சினார். நான் ஸ்டோரேஜ் கேபிளைப் பார்க்கிறேன் என்றேன். ஃபர்ம்வேர் பதிப்பை ஒப்பிடுகிறேன் என்றேன். பையனை அனுப்பி ஸ்விட்ச்சின் போர்ட்டைச் சரிபார்க்கச் சொன்னேன். அவன் அந்தக் குளிர்க்காற்றில் ராக்குகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தான். இப்படியே நாற்பது நிமிடம். அப்புறம், திடீரென்று தோன்றியதுபோல, "மெமரி அளவைக் குறைத்துப் பார்க்கலாமா?" என்றேன். டேட்டாபேஸ் எழுந்தது. ஐ.டி. மேனேஜர் "தேங்க்ஸ் சார், காப்பாத்திட்டீங்க" என்றார்.

காலையில் ஹார்டுவேர் இன்ஜினியர் வந்தார், முப்பது வயதுகூட இருக்காது. போகிப் புகை அவர் சட்டையிலேயே இருந்தது. ஸ்டெப்னியின் மூடியைத் திறந்து டம்மிகளைப் பார்த்தார். ஒன்றை உருவி விரலில் சுற்றிக்கொண்டே, "சார், இது தானா வந்து உட்காராதே" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் மேலே கேட்கவில்லை. கால் ஷீட்டில் 'நான்கு மெமரி நாட் டிடெக்டட்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். பொய்யில்லாமல் என்னைக் காப்பாற்ற அதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது. மூல காரண அறிக்கையில் நான் அதை 'மெமரி பழுது' என்று மாற்றிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து மேலிடத்திலிருந்து எனக்குப் பாராட்டு மெயில் வந்தது.

அந்த வருடம் அக்டோபர் 1 அன்று டோக்கியோ பங்குச்சந்தை நாள் முழுக்க முடங்கியது. பொது டிஸ்க் கருவி ஒன்றில் மெமரி பழுது. தானாகவே மாற்றுக் கருவிக்கு மாறியிருக்க வேண்டும், மாறவில்லை. தயாரித்த நிறுவனம் கருவியின் நடத்தையை இடையில் மாற்றியிருக்கிறது, கையேட்டில் மட்டும் பழைய விவரமே இருந்திருக்கிறது. அதை நம்பி வைத்த ஒரு செட்டிங் தவறாகப் போனது. 1999-இல் முழுக்கக் கணினிமயமான பிறகு அந்தச் சந்தை ஒரு நாள் முழுவதும் நின்றது அதுவே முதல் தடவை. நவம்பர் 30 அன்று சந்தையின் தலைவர் கொய்ச்சிரோ மியாஹரா பதவி விலகினார். கையேட்டில் எவரோ செய்த பிழைக்கு அவர் நாற்காலியை விட்டார். செய்தியைப் படித்த அன்று என் இன்பாக்ஸில் அந்தப் பாராட்டு மெயில் இன்னும் இருந்தது. அழித்தேன். அழிப்பதில் என்ன பெரிய நேர்மை இருக்கிறது?

பிறகு வந்த மார்ச்சிலிருந்து ஒத்திகையை உண்மையாகவே நடத்தினேன். முதல் தடவையே ஸ்டெப்னியின் இரண்டு பவர் கேபிளும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகியிருந்தது தெரிந்தது. அந்த ஸ்ட்ரிப் போனால் இரட்டை சப்ளை இருந்தும் பயனில்லை. பேக்கப் வேலைக்கான பாஸ்வேர்டு காலாவதியாகியிருந்தது. மாற்றுகிற நேரத்தில் வயிற்றைக் கலக்கத்தான் செய்தது. இப்போதும் கலக்குகிறது.

அந்தப் பையனிடம் உண்மையைச் சொன்னது 2022-இல், அவன் வேறு வேலைக்குக் கிளம்பும் நாளில். "எனக்கு அன்னிக்கே தெரியும்ணே. டம்மியில தூசி படிஞ்சிருந்துச்சே" என்றான்.

அந்தப் போகிக்குப் பிறகு புதிதாக நான்கு மெமரி வாங்கி ஸ்டெப்னியில் போட்டிருந்தோம். அதற்கான பில் மருந்துக் கம்பெனிக்குப் போனது. அவர்கள் கேள்வி கேட்காமல் பணம் கட்டினார்கள். அந்தத் தொகையை நான் இன்னும் திருப்பித் தரவில்லை.