மூன்றாம் படிவம்

பல்கலைக்கழகம் என்றதும் நூலகமும் பட்டமளிப்பு விழாவின் கறுப்பு அங்கியும் நினைவுக்கு வருகிறவர்கள் பாக்கியசாலிகள். தியாகதுருகத்தில் எங்களில் பலருக்கு அது முதலில் ஒரு பனியனாகத்தான் அறிமுகமாயிற்று. முதுகில் பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சிட்ட பனியனோடு ஒருவன் திடலுக்கு வந்து நின்றால் அன்று மாலை ஆட்டம் நடக்காது. எந்த ஊருக்குப் போனாய், ரயிலிலா பேருந்திலா, என்ன சாப்பாடு போட்டார்கள் என்று இருட்டும் வரை கேட்டுக்கொண்டிருப்போம். வென்றாயா என்ற கேள்வி கடைசியில்தான் வரும். சில நாள் வராமலும் போகும்.

ஊரை அறியாதவர்களுக்காக: சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை செல்லும் நெடுஞ்சாலையில் கள்ளக்குறிச்சியைத் தாண்டியதும் வரும் பேரூர் இது. கர்நாடகப் போர்களில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடித்துக்கொண்ட கோட்டை, குன்றின் மேல் சிதிலமாய்க் கிடக்கிறது. கீழே கரும்பும் மக்காச்சோளமும். அறுவடை முடிந்த நிலத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டால் அது கபடித் திடல். இதற்கு மேல் விளையாட்டரங்கம் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு எதுவும் இருந்ததில்லை.

எங்கள் பகுதிக்கு உரிய பல்கலைக்கழகம் எது என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு விடை. நான் விழுப்புரம் அரசுக் கலைக்கல்லூரியில் படித்த எண்பதுகளில் அது சென்னைப் பல்கலைக்கழகம். 2002இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் உருவானபோது வேலூர் என்றாயிற்று. 2021இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஜெயலலிதா பெயரில் ஒரு பல்கலைக்கழகம் வந்தது; அதே ஆண்டில் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் சட்டமும் வந்தது. இப்போது கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகளுக்குச் சிதம்பரமே தலைமையிடம். இந்த மாற்றங்களால் கல்விக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கற்றவர்கள் சொல்லட்டும். ஆட்டக்காரனைப் பொறுத்தவரை, தேர்வுக்குப் போகும் பேருந்தின் திசை மாறியது. சென்னை 200 கிலோமீட்டருக்கு மேல், வேலூர் 150ஐ ஒட்டி, சிதம்பரம் ஏறத்தாழ 100. அந்த வகையில் நாங்கள் முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறோம்.

1986இல் நான் சென்னைக்குத் தேர்வுக்குப் போனேன். சேத்துப்பட்டில் பல்கலைக்கழகத்துக்கென்றே இருந்த திடலை அப்போதுதான் பார்த்தேன். ஒரு கல்வி நிலையம் விளையாட்டுக்காக நகரத்துக்குள் இவ்வளவு நிலத்தைச் சும்மா விட்டுவைத்திருக்கிறதே என்ற வியப்புத்தான் முதலில் வந்தது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியின் மரங்களையும் அந்தப் பயணத்தில்தான் கண்டேன். 1920இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கிய கல்லூரி அது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளரும் அவரே. எங்கள் பள்ளியில் விசிலும் பிரம்புமாக நின்ற பி.டி. வாத்தியாரின் குருபரம்பரை அங்கிருந்து தொடங்குகிறது என்று அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் தேர்வாகவில்லை. என்னைவிட நன்றாக ஆடியவர்கள் பன்னிரண்டு பேருக்கு மேல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

(தமிழ்ப் புனைகதையில் விளையாட்டு ஏன் இவ்வளவு அரிதாக வருகிறது என்று நண்பர்களிடம் அவ்வப்போது கேட்பதுண்டு. செல்லப்பாவின் 'வாடிவாசல்', கிரிக்கெட் ஆடும் சந்திரசேகரன் வருகிற அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' என்று விரல்விட்டு எண்ணத் தொடங்குவோம். எண்ணிக்கை ஒரு கையைத் தாண்டுவதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.)

பல்கலைக்கழக அணி என்பது இரண்டு வகை. 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நெடுங்காலம் மாணவர் அங்கேயே தங்கிப் படிக்கும் நிறுவனமாக இருந்தது. அதன் அணி ஒரே வளாகத்தின் அணி. வேளாண்மை படிப்பவனும் பொறியியல் படிப்பவனும் தினமும் ஒரே மண்ணில் விழுந்து எழுந்தவர்கள். யாருடைய இடது கால் தயங்கும் என்று ஒருவருக்கொருவர் தெரியும். பல கல்லூரிகளை இணைத்துக்கொண்ட பல்கலைக்கழகத்தின் அணி அப்படியன்று. கல்லூரிகளுக்கிடையே போட்டி நடக்கும், அதில் கண்ணில் பட்டவர்களை அழைத்துச் சில நாள் முகாம் போடுவார்கள், அந்நியர்களான பன்னிரண்டு பேர் ஒரே நிறப் பனியனில் தென்மண்டலப் போட்டிக்கு ரயில் ஏறுவார்கள். கபடி போலச் சங்கிலியாகக் கைகோத்து ஆட வேண்டிய ஆட்டத்தில் இது எளிதன்று. அண்ணாமலை இப்போது முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு வந்திருக்கிறது. வளாகத்துப் பிள்ளைகளுக்கு இதனால் போட்டி கூடியிருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கோ ஒரு கதவு திறந்திருக்கிறது.

அந்தக் கதவின் பெயர் மூன்றாம் படிவம். அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில், நாட்டுக்காக ஆடியவருக்கு முதல் படிவம், மாநிலத்துக்கு இரண்டாம் படிவம், பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்கு மூன்றாம் படிவம். தமிழ்நாட்டுக் காவலர் தேர்வில் பத்து விழுக்காடு இடம் விளையாட்டு வீரர்களுக்கு. ஊர் ஊராகப் பொங்கல் போட்டிகளில் வாங்கிய கோப்பைகளை அடுக்கி வைத்தால் அலமாரி நிறையும், விண்ணப்பத்தில் ஒரு வரிகூட நிறையாது. கல்லூரிக்காக ஆடியதற்கும் அதே கதிதான். பனியனை மட்டும் பார்த்துப் பொறாமைப்பட்ட எங்கள் தலைமுறைக்கு இந்தக் காகிதத்தின் எடை தெரியாது.

என் அக்காள் மகளுக்குத் தெரியும். இங்கே பக்கத்துக் கல்லூரியொன்றில் படிக்கிறாள். இடது மூலையில் நின்று கணுக்கால் பிடிப்பதில் கெட்டிக்காரி. முதல் ஆண்டு, தேர்வுக்கான சுற்றறிக்கை தேர்வு முடிந்த மறுநாள்தான் அறிவிப்புப் பலகைக்கு வந்தது. அவள் அழவில்லை. "இருபத்தைந்து வயசு வரைக்கும் ஆடலாம் மாமா" என்று மட்டும் சொன்னாள். பல்கலைக்கழகப் போட்டிக்கான வயது வரம்பை அவள் விசாரித்து வைத்திருந்தாள்.

அடுத்த ஆண்டு தடை வீட்டிலிருந்து வந்தது. சிதம்பரத்தில் முகாம், பிறகு வெளிமாநிலம், யாரை நம்பி அனுப்புவது என்றாள் அக்காள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் கபடி ஆடப் போனாள் என்றா சொல்வது என்றார் அத்தான். நான் பேசிய எதுவும் அவர்களிடம் எடுபடவில்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடியில் தங்கம் வென்றார்கள். அணியின் துணைத்தலைவி சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா. அந்தப் படம் வந்த நாளிதழை அக்காள் மடித்துக் கடுகு டப்பாவின் அடியில் வைத்திருந்ததைப் பார்த்தபோது இனி நான் பேச வேண்டியதில்லை என்று தெரிந்துகொண்டேன். அத்தான் மட்டும், "போலீஸ் வேலை கிடைக்குமா?" என்று இரண்டு முறை கேட்டார். கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. விண்ணப்பிக்கலாம் என்றேன்.

மிச்சமிருந்தது தரைதான். இப்போதெல்லாம் பெரிய போட்டிகள் ரப்பர் போன்ற மேட்டின் மேல் நடக்கின்றன. மண்ணில் வெறுங்கால் விரல்கள் ஊன்றிக்கொள்ளும். பாடி வருகிறவளின் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு முழம் வழுக்கிப்போனாலும் மண் தாங்கிக்கொள்ளும். மேட்டில் கால் சட்டென்று ஒட்டும், முழங்கால் திரும்பிவிடும். அதற்கெனத் தனிக் காலணி வேண்டும். பெண்கள் கபடிக்கு 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் தேவை. அத்தனை பெரிய மேட்டை எங்கள் ஊரில் யார் வாங்குவது? தேர்வு நாளன்றுதான் அவள் முதன்முதலாக அதில் கால் வைத்தாள். முதல் பத்து நிமிடம் எதையும் பிடிக்காமல் வெறுமனே நடந்து பார்த்தாள் என்று கூடப் போன பெண் சொன்னாள். பிறகு மூன்று பேரைப் பிடித்திருக்கிறாள்.

முகாம் பட்டியலில் அவள் பெயர் வந்தது. அதிலிருந்து பன்னிரண்டு பேரை எடுப்பார்கள். அக்காள் எள்ளுருண்டையும் பருப்புப் பொடியும் கட்டிக்கொடுத்தாள், அத்தான் உளுந்தூர்பேட்டை வரை போய்ப் பேருந்து மாற்றிவிட்டு வந்தார். மூன்றாம் நாள் இரவு தொலைபேசியில் அழைத்தாள். மண்ணில் விழுந்தால் தோல் உரிகிறது, இங்கே விழுந்தால் சூடுபட்டது போலக் கன்றிப்போகிறது, அதற்கு என்ன மருந்து போடுவது என்று கேட்டாள். தேங்காய் எண்ணெய் என்றேன். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். விருத்தாசலத்துப் பெண்ணாம், வலது மூலை. "அவளும் அதையேதான் சொன்னா மாமா" என்றாள்.