பாடாலூர் முக்கு

நான்கு வழிச்சாலை வருவதற்கு முன், பாடாலூர் என்றால் எங்களுக்கு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடம். திருச்சியிலிருந்து வரும்போது சிறுகனூர் தாண்டினால் ஒரே பொட்டல்; வெயிலில் கண் கூசும். சஞ்சீவிராயர் குடியிருக்கும் பூமலை தெரிந்ததும், "பாடாலூர் வந்துடுச்சு, பையை எடு" என்பார் அப்பா.

ஊட்டத்தூர் சாலை கிழக்கே பிரியும் முக்கில் டீக்கடை, சைக்கிள் கடை, புளியமர நிழலில் சின்ன வெங்காய மூட்டைகள். அவ்வளவுதான் ஊர் என்று லாரிக்காரர்கள் நினைத்திருப்பார்கள். சுற்றுப்பட்டு கிராமங்களுக்கோ அந்த டீக்கடைதான் எல்லாமும். டவுன் பஸ் போய்விட்டதா என்று கேட்டால், "இன்னும் வரல, உக்காரும்மா" என்று பெஞ்சைத் துடைத்துவிடுவார் கடைக்காரர். பத்திரிகை, மருந்து, வளைகாப்புக்கு வாங்கிய வளையல் என்று யார் எதைக் கொடுத்துவிட்டுப் போனாலும் உரிய ஆளிடம் சேரும். சாவுச் செய்தியும் முதலில் அங்குதான் வந்து இறங்கும். திருச்சி பெரியாஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவர்கள் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் அந்த பெஞ்சிலேயே படுத்துக்கொள்வார்கள். விடியும்போது வரக்காப்பி கிடைக்கும், காசு கேட்கமாட்டார்.

வெளியூர்க்காரர்களும் வருவார்கள். சிறுநீரக நோய் தீரும் என்ற நம்பிக்கையில், வெட்டிவேரோடு ஊட்டத்தூர் சுத்தரத்தினேஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் ஒருபக்கம். சுத்தியலோடு இறங்கும் புவியியல் மாணவர்கள் இன்னொரு பக்கம். பக்கத்துக் காரை கிராமத்தின் செம்மண் பள்ளங்களில் நத்தைபோல் சுருண்ட கற்களைத் தேடிப் போவார்கள். பாலைவனம் போலிருக்கும் அந்தப் பூமி சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடி. இங்கே ஆய்ந்த புவியியலாளர் பிளான்ஃபோர்டு, 1860களில் அந்தப் பாறை அடுக்குகளுக்கு ஊட்டத்தூரின் பெயரையே வைத்தார். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரத்தை இன்னொரு புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்தார். இத்தனை இடங்களுக்கும் வழி கேட்டவர்களுக்குக் கை நீட்டிக் காட்டியது அந்த டீக்கடைக்காரர்தான். கல்மரத்தை அவர் பார்த்ததில்லை.

சாலை அகலமானபோது புளியமரங்கள் போயின, கடையும் போயிற்று. கல்மரம் பார்க்க வருகிறவர்கள் கைப்பேசியில் வழி பார்த்து நேரே போய்விடுகிறார்கள். சாலை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு விரைந்து போக முடிகிறது, அது பெரிய விஷயம். ஆனால் மூட்டையோடு நிற்கும் கிழவிக்கு ஒரு பெஞ்சும், "பஸ் வரும், உக்காரும்மா" என்று சொல்ல ஓர் ஆளும் இன்றைக்கும் தேவைதான்.