பணம் நின்ற பிறகு மரத்தை அளப்பது யார்?

ஓய்வு பெற்ற வனவியல் ஆசிரியனைத் தேடி இளைஞர்கள் இன்னும் வருகிறார்கள் என்றால், பெரும்பாலும் புரபோசல் படித்துத் தரச் சொல்லித்தான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு கூட்டு, மூன்றாண்டுத் திட்டம், நான்கு துறைகள், அம்புக்குறிகள் போட்ட வண்ணப் படம் ஒன்று. "சார், ஒரு பார்வை பாத்துக் குடுங்க" என்று மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். நான் முன்னுரையைப் படிப்பதில்லை. நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போய் ஒரே ஒரு கேள்விக்கு விடை இருக்கிறதா என்று தேடுவேன். பணம் நின்ற பிறகு இந்த மரங்களை அளக்கப் போவது யார்? அநேகமாக விடை இருக்காது.

கூட்டு ஆய்வு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. காட்டைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி நாடு தாண்டிக் கை கோத்ததால் கிடைத்ததுதான். 1892இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே ஊரில் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாடுகளின் வன ஆய்வு நிலையங்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கின. இன்று வியன்னாவில் தலைமையகத்தோடு ஐயூஃப்ரோ என்ற பெயரில் இயங்குவது அதுதான். அவர்களைக் கூட்டிவைத்தது பெரிய தத்துவம் ஏதுமில்லை. ஆளுக்கொரு விதமாக அளந்தால் ஒருவர் கணக்கு இன்னொருவருக்கு உதவாது, எல்லோரும் ஒரே முறையில் அளப்போம் என்ற ஒப்பந்தம்தான். கேட்கச் சலிப்பாக இருக்கும். அந்தச் சலிப்பான வேலைதான் இரண்டு உலகப் போர்களையும் தாண்டி நின்றது.

அதே வகைச் சலிப்பான வேலையை 1980இல் ஸ்டீபன் ஹப்பெலும் ராபின் ஃபாஸ்டரும் பனாமாவில் தொடங்கினார்கள். கால்வாய்க்காக சாக்ரெஸ் ஆற்றில் அணை கட்டியபோது நீர் சூழ்ந்து தீவாகிப்போன குன்று பாரோ கொலராடோ. அங்கே 50 ஹெக்டேர் காட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, நெஞ்சளவு உயரத்தில், அதாவது 1.3 மீட்டரில், ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் விட்டமுள்ள ஒவ்வொரு தண்டையும் அளந்து, எண் போட்ட தகடு கட்டி, வரைபடத்தில் குறித்தார்கள். இரண்டு லட்சத்துக்கு மேல் தண்டுகள், ஏறக்குறைய 300 இனங்கள். சில ஆண்டு கழித்து மறுபடியும் முதலிலிருந்து. பார்த்தவர்களில் சிலர் இது ஆய்வா, குடிக்கணக்கா என்று கேட்டிருப்பார்கள். இன்று அதே முறையில் உலகெங்கும் 70க்கும் மேற்பட்ட திடல்கள் இருக்கின்றன. மலேசியாவில் பாசோ ஒன்று. நம் நீலகிரிச் சரிவில் முதுமலை இன்னொன்று.

முதுமலைத் திடலை 1988இல் இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமார் குழு அமைத்தது. பனாமாவோடு ஒப்பிட்டால் தண்டுகளின் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். இனங்கள் சுமார் 70. உலர் இலையுதிர்காடு அப்படித்தான். பனாமாவில் இல்லாத இரண்டு ஆட்கள் இங்கே உண்டு: கோடைத் தீ ஒன்று, யானை மற்றொன்று. நேற்று எண் கட்டிய கன்று இன்று கருகிக் கிடக்கும், அல்லது முறிந்து கிடக்கும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை போய்ப் பார்த்தால் நடுவே நடந்த கதை தப்பிவிடும். அதனால் ஆண்டுதோறும் போனார்கள். எது செத்தது, எதனால் செத்தது, எது புதிதாகத் தலைகாட்டியது என்று எழுதினார்கள். அளக்கும் முறை பனாமாவுடையது, கேள்வி முதுமலையுடையது. நல்ல கூட்டுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. என் மேசைக்கு வருகிற தாள்களில் பாதியில் கேள்வியும் விமானத்தில் வந்து இறங்கியிருக்கும்.

பாக் நீரிணைக்கு அப்பால், இலங்கையில், சிங்கராஜா காடு. 1970களில் ஒட்டுப்பலகைக்காக அங்கே மரம் வெட்டினார்கள். எதிர்ப்பு வலுத்து வெட்டு நின்றது. 1988இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அந்தக் காடு ஏறியது. அங்கே 25 ஹெக்டேர் திடல் ஒன்று 1990களில் அமைந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்து நிமல் குணதிலக்க, சாவித்ரி குணதிலக்க தம்பதி அதன் அச்சாணி. ஹார்வர்டும் ஸ்மித்சோனியனும் கூட நின்றன. நாடு உள்நாட்டுப் போரில் வெந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. அந்த நாளில் வெளியூர் நிபுணரை நம்பிய எந்தத் திட்டமும் பாதியில் நின்றிருக்கும். பேராதனைக்காரர்களுக்குப் போக வேறு இடமில்லை, அது அவர்கள் காடு. ஆகவே வேலை நடந்தது.

அடுத்து இந்தப் "பல்துறை" விவகாரம். ஒரு தாவரவியலாளர், ஒரு மண்ணியலாளர், ஒரு பொருளாதாரக்காரர், கணினிக்கு ஒருவர் என்று பெயர்களை அடுக்கினால் பல்துறை ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆளுக்கொரு அத்தியாயம் எழுதி ஒரே அட்டைக்குள் தைப்பார்கள், அவ்வளவுதான். உண்மையில் துறைகள் எப்போது சேரும்? தன் துறையால் முடியாது என்று ஒருவர் கைவிரிக்கும் இடத்தில். நீலகிரியில் அது நடந்ததை நம் கண்முன்னே பார்த்தோம்.

மேல் நீலகிரியின் புல்வெளிகள் எங்கிருந்து வந்தன என்று நெடுநாளாக வழக்கு இருந்தது. மனிதன் சோலையை எரித்து உண்டாக்கியவை என்பது ஒரு கட்சி, ஆதியிலிருந்தே அங்கே இருப்பவை என்பது மறுகட்சி. மரத்தைப் பார்த்தோ புல்லைப் பார்த்தோ இதைத் தீர்க்க வழியில்லை. சுகுமாருக்கு யானை தெரியும், காடு தெரியும். ஐசோடோப்பு அளக்க அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் ஆர். ரமேஷ் வேண்டியிருந்தது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லா பள்ளத்தாக்கின் சதுப்பில் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்த கரிய மண்ணை எடுத்தார்கள். மரமும் வெப்பநாட்டுப் புல்லும் காற்றிலிருந்து கரியை எடுக்கும் விதம் வேறு. அந்த வேறுபாடு கார்பன்-13 என்ற கன ஐசோடோப்பின் விகிதத்தில் மண்ணிலும் தங்கிவிடும். அடுக்கு அடுக்காகப் படித்தபோது சுமார் 20,000 ஆண்டுக் கதை வெளிவந்தது. பனியூழி உச்சத்தில் இருந்தபோது, உலகம் வறண்டு குளிர்ந்த நாளில், அங்கே புல் கோலோச்சியது. மழை கூடிய காலத்தில் மரம் முன்னேறியது. கட்டுரை 1993இல் நேச்சர் இதழில் வந்தது. புல்வெளியைத் தரிசென்று எண்ணி அதில் வாட்டிலும் யூகலிப்டஸும் நட்டு நிரப்பிய துறைக்கு அது எவ்வளவு சங்கடமான செய்தி என்று யோசித்துப் பாருங்கள். ஒரு யானைக்காரரும் ஓர் இயற்பியல்காரரும் சேராமல் அந்தச் செய்தி வந்திருக்காது.

துறை என்றால் பட்டம் பெற்றவர்களின் துறை மட்டும்தானா? சத்தியமங்கலம் காட்டை ஒட்டி, கர்நாடக எல்லைக்குள், பிலிகிரி ரங்கன் மலையில் சோலிகர் வாழ்கிறார்கள். காட்டு நெல்லிக்காய் பறிப்பது அவர்கள் பிழைப்புகளில் ஒன்று. நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறிக் காய்ப்புக் குறைந்தது. இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து, பெங்களூரு ஆய்வாளர்கள் சேர்ந்து செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சோலிகரிடமே காரணம் கேட்டார்கள். முன்பெல்லாம் கோடைத் தொடக்கத்தில் சருகுக்கு மட்டும் தீ வைப்போம், அந்தச் சிறு தீ புல்லுருவியை அடக்கி வைக்கும், தீயைத் தடை செய்த பிறகுதான் இது பெருகிற்று என்றார்கள். உண்ணிச்செடி காட்டை மூடியதற்கும் அவர்கள் சொல்லும் காரணங்களில் இந்தத் தடை உண்டு. அவர்கள் சொன்னதெல்லாம் வேதம் என்று ஆய்வு முத்திரை குத்தவில்லை. சில கூற்றுகள் அளவீட்டோடு ஒத்துப்போயின, சிலவற்றை மேலும் சோதிக்க வேண்டியிருந்தது. ஆனால் தீயையும் நெல்லியையும் சேர்த்து ஒரு கேள்வியாகக் கேட்க வேண்டும் என்பதே அவர்களிடமிருந்து வந்தது. என்னிடம் வரும் தாள்களிலோ இத்தகையவர்கள் "பயனாளிகள்" என்ற பத்தியில்தான் தலைகாட்டுகிறார்கள். கேள்வி தந்தவரைப் பயனாளி என்று எழுதுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

எலினார் ஆஸ்ட்ரம் இதை 1992இலேயே சரியாகப் பிடித்தார். அவர் தொடங்கிய பன்னாட்டுத் திட்டத்தில், மரத்தை அளக்கும் அதே ஊரில் அந்தக் காட்டுக்கு யார் விதி போட்டார், யார் காவல் காத்தார் என்பதையும் ஒரே படிவத்தில் கேட்டார்கள். நேபாளத்திலும் உகாண்டாவிலும் பொலிவியாவிலும் அந்தந்த நாட்டு மையங்களே கேட்டன. ஊரார் தாமே ஒழுங்காகக் காவல் பார்க்கும் இடத்தில் காடு நன்றாக இருக்கிறது என்பது அதில் திரும்பத் திரும்பக் கிடைத்த விடைகளில் ஒன்று. 2009இல் பொருளாதார நோபல் பெற்ற அந்த அம்மையார் அரசியல் அறிவியல் படித்தவர்.

இனிப் பணத்துக்கு வருவோம். 2025 ஏப்ரலில் ஐரோப்பிய விண்வெளி முகமை பயோமாஸ் என்ற செயற்கைக்கோளை ஏவியது. ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நிசார் ஏறியது. அதற்கு மட்டும் சுமார் 150 கோடி டாலர் செலவு என்கிறார்கள். பெருமைதான். ரேடார் அலைகொண்டு காட்டின் எடையை மதிப்பிட அவை உதவும். ஆனால் வானத்திலிருந்து வரும் எண் சரியா என்று எப்படித் தெரியும்? கீழே யாரோ நாடா பிடித்துச் சுற்றளவு எடுத்திருக்க வேண்டும். சுற்றளவிலிருந்து எடையைக் கணக்கிடும் சூத்திரமும் வானத்திலிருந்து விழவில்லை. 2014இல் ஜெரோம் ஷாவ் முதலானோர் வெளியிட்ட, உலகமே பயன்படுத்தும் சூத்திரத்துக்கு அடியில் வெப்பமண்டல நாடுகளின் 58 இடங்களில் வெட்டிச் சாய்த்து எடை பார்த்த 4,004 மரங்கள் கிடக்கின்றன. வெட்டியவர், சுமந்தவர், தராசு பிடித்தவர் எத்தனை பேரோ. செயற்கைக்கோளுக்குக் கோடிகள் உண்டு. நாடா பிடிக்கும் ஆளுக்கு "தற்காலிகப் பணியாளர், ஆறு மாதம்" என்று ஒரு வரி.

தகட்டைப் பட்டை வளர்ந்து விழுங்கும், எழுத்து அழியும், மரம் விழும். பழைய மரம் எது, புதியது எது என்று தெரிந்த ஒரு ஆள் இல்லையென்றால் பத்தாண்டுத் தரவு குப்பை. அந்த ஆள் அந்த மலையில் பிறந்தவராக இருப்பார், இலையைக் கிள்ளி முகர்ந்து இனம் சொல்வார், யானை நிற்பதை நமக்கு முன்பே அறிவார். அவருக்குத் திட்டம் முடியும் நாளில் வேலையும் முடிகிறது. நம் பல்கலைக்கழகங்களில் இத்தகைய களப்பணியாளருக்கென்று ஒரு நிரந்தரப் பணியிடம் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

நாடுகளுக்கு இடையே இருக்கும் மனத்தாங்கலுக்கும், களத்தில் உழைப்பவரைக் கணக்கில் எடுக்காத இந்தப் போக்கே வேர். எனக்கும் பட்டறிவு உண்டு. கடல் கடந்து வந்த குழு ஒன்று ஒரு பருவம் எங்களோடு அலைந்தது. நல்ல மனிதர்கள், சேர்ந்து சாப்பிட்டோம். கட்டுரை வந்தபோது எங்கள் மாணவர்கள் பெயர் நன்றி வரியில்கூட இல்லை. கேட்டதற்கு, முன்பே பேசவில்லையே என்றார்கள். அது உண்மைதான். சம்பந்தம் பேசும்போது பேச வேண்டியதை முகூர்த்தத்தன்று பேச முடியாது. தரவு யார் கணினியில் இருக்கும், எத்தனை நாள் உள்ளூர் மாணவருக்கு முதல் உரிமை, முதற்பெயர் யாருக்கு, மாதிரிகள் எந்த ஊர் ஹெர்பேரியத்தில் தங்கும் என்பதெல்லாம் முதல் கடிதத்திலேயே வர வேண்டும். கேட்டால் வெள்ளைக்காரர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்குகிற இளைஞர்களைப் பார்க்கிறேன். நல்ல கூட்டாளி கோபிக்கமாட்டார். கோபிப்பவர் யார் என்று முதலிலேயே தெரிந்துகொள்வதும் லாபம்தான்.

அனுமதி பற்றி ஒரு வார்த்தை. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி வெளிநாட்டவர் நம் உயிர்வளத்தை ஆய்வுக்கு எடுக்க, சென்னையில் இருக்கும் தேசிய ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும்; மத்திய அரசின் நெறிமுறைக்கு உட்பட்ட கூட்டு ஆய்வுகளுக்கு விலக்கு உண்டு. சரணாலயத்துக்குள் நுழைய முதன்மை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேறு. இதையெல்லாம் தடை என்று புலம்புகிறவர்கள், ரேஞ்சரைப் பார்க்காமலே முதல் ஆண்டு வேலைத்திட்டம் எழுதியவர்களாக இருப்பார்கள். தாளை எழுதுவதற்கு முன் ரேஞ்ச் அலுவலகத்தில் ஒரு காலை உட்காருங்கள். அந்த மனிதருக்கு எந்தக் கேள்வி தூக்கத்தைக் கெடுக்கிறது என்று கேளுங்கள். தீயா, உண்ணிச்செடியா, ஊருக்குள் வரும் யானையா? மாநாட்டு மண்டபத்தில் கிடைக்காத தலைப்பு அங்கே கிடைக்கும்.

அடுத்த சுற்று நிதிக்கு இப்போதே எழுதத் தொடங்கியிருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். செலவுப் பட்டியலில் களப்பணியாளர் சம்பளத்தை முதல் வரியில் எழுதுங்கள். திட்டம் முடிந்த பின் அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதை இரண்டாம் வரியில், உங்கள் நிறுவனத் தலைவரின் கையெழுத்தோடு எழுதுங்கள். விமானக் கட்டணத்தைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். அப்படி ஒரு தாள் வந்தால், முன்னுரையிலிருந்து முழுவதும் படித்துத் தருகிறேன்.