மரக்காரர் கடை

கடை திறப்பது காலை ஏழு மணிக்கு. ஆறே முக்காலுக்கே வாசலில் மூன்று நான்கு லொறிகள் வந்து நிற்கும். பின்னால் கிளை நொறுக்கும் சிப்பர் இயந்திரம் பூட்டியிருக்கும், தட்டில் நேற்றைய மரத்தூள் ஈரத்தோடு கிடக்கும். லண்டனுக்குத் தெற்கே சரே பக்கத்தில், டயர்க்கடை ஒன்றுக்கும் குளியலறை ஓடு விற்கும் கடை ஒன்றுக்கும் நடுவில் இருக்கிறது நான் வேலை செய்யும் இடம். மரத்தில் ஏறிக் கிளை கழிக்கிறவர்கள், பட்ட மரம் இறக்குகிறவர்கள், புயலில் விழுந்ததை அறுத்து அகற்றுகிறவர்கள், இவர்களுக்கு வேண்டிய கயிறு, ஹார்னஸ், ஹெல்மெட், செயின்சோ, சங்கிலி, எண்ணெய் எல்லாம் இங்கே கிடைக்கும். லொறியில் ட்ரீ சேர்ஜன் என்று பெரிதாக எழுதி வைத்திருப்பார்கள். வீட்டில் நாங்கள் சொல்வது மரக்காரர்.

இங்கே வந்த நம்மவர் பலரையும்போல என்னுடைய முதல் வேலையும் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலைதான். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு காசை ஒரு தட்டில் வாங்கி, மிச்சத்தை அதே தட்டில் தள்ளிவிட வேண்டும். வருகிறவனுக்கு என் பெயர் தேவையில்லை. எனக்கும் அவன் பெயர் தேவையில்லை. அதை விட்டு இந்தக் கடையின் பண்டசாலைக்கு வந்து, பெட்டி உடைத்து அடுக்கி, பிறகு கவுண்டருக்கு வந்தேன். மரக்காரர்கள் முதல் கிழமையிலேயே பெயர் கேட்டார்கள். இரண்டாம் கிழமை அதைப் பாதியாக வெட்டிவிட்டார்கள். வெட்டுவதுதானே அவர்கள் தொழில்.

கவுண்டரின் ஓரத்தில் கேத்திலும் கோப்பைகளும் இருக்கும். எவரும் வந்து தானே தேத்தண்ணி போட்டுக் குடிக்கலாம். ஆரம்பத்தில் எனக்கு விளங்காத விஷயம், அங்கே பக்கத்தில் பக்கத்தில் நின்று குடிக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் போட்டிக்காரர்கள் என்பது. ஒரே தோட்டத்து ஓக் மரத்துக்கு இரண்டு பேரும் விலை கொடுத்திருப்பார்கள். ஒருவருக்குக் கிடைத்திருக்கும். கிடைக்காதவர் கோபிக்க மாட்டார். “அந்த வீட்டுப் பக்கவாசல் ஒடுக்கம், சின்ன சிப்பரைக் கொண்டு போ” என்று சொல்லிக்கொண்டு நிற்பார். டூட்டிங்கில் ஒரே வரிசையில் இருக்கும் நம்முடைய பலசரக்குக் கடைக்காரர்கள் இருவர் இப்படி முருங்கைக்காய் விலையைப் பகிர்ந்துகொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இது வெறும் நல்ல மனம் என்று எழுதினால் அவர்களே சிரிப்பார்கள். தொழிலின் அமைப்பு அப்படி. ஒருவர் மேலே, ஒருவர் கீழே. பதினைந்து மீற்றர் உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறவரின் தொடையில் வாள் பட்டால் தீயணைப்புப் படை வரும்வரை காத்திருக்க முடியாது. கீழே நிற்பவர்களில் ஒருவராவது ஏறிப்போய் இறக்கிக்கொண்டு வரத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அது எழுதப்பட்ட நடைமுறை. பெரும்பாலான குழுக்களில் இருப்பது இரண்டு மூன்று பேர்தான். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு ஆள் தேட வேண்டியது போட்டிக்காரரிடம். இன்று விலையில் தோற்கடித்தவன் நாளை என்னைத் தோளில் சுமந்து இறக்க வேண்டியவன் என்றால், முகத்தை முறித்துக்கொண்டு எவ்வளவு நாள் இருப்பது?

எங்கள் பக்கத்து அன்பிலும் கணக்கு உண்டு. ஒரு போத்தல் சங்கிலி எண்ணெய்க்கு வந்தவர் தேத்தண்ணி முடிவதற்குள் ஒரு ஜப்பான் கைவாளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டால் அன்றைய பிஸ்கட் செலவு தீர்ந்தது. முதலாளி இதை ஒளிப்பதில்லை. அவரும் ஒரு காலத்தில் மரம் ஏறியவர். தோள்மூட்டு போனபிறகு கடை போட்டவர். இந்த வியாபாரத்தில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் பலர் அப்படித்தான், முழங்காலோ தோளோ போனவர்கள். கருவிகளும் மரத்திலிருந்தே இறங்கி வருகின்றன. ஒற்றைக் கயிற்றில் ஏறுவதை எளிதாக்கிய ‘ரோப் ரெஞ்ச்’ என்ற சிறு சாதனத்தைக் கண்டுபிடித்த கெவின் பிங்கம் ஓர் அமெரிக்க மரக்காரர். அதைத் தயாரித்து விற்றது வட வேல்ஸில் பாங்கோர் நகரத்து நிறுவனம். மரமேறும் உலகப் போட்டியில் பலமுறை வென்ற ஜெர்மன்காரர் பெர்ண்ட் ஸ்ட்ராஸர் ‘ட்ரீமோஷன்’ ஹார்னஸை உருவாக்கியவர்களில் ஒருவர்.

நட்புக்குச் சோதனை வருவது கடையின் பின்னறையில். தூக்கும் கருவிகளுக்கான 1998ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆளைத் தாங்கும் எந்தக் கருவியையும் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ள ஒருவர் பரிசோதித்து எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த விதிகளை லோலர் என்பார்கள். எங்கள் பரிசோதகர் கையுறை போடமாட்டார். நாற்பத்தைந்து மீற்றர் கயிற்றை ஒரு நுனியில் தொடங்கி விரல்களுக்கிடையே விட்டு, ஒவ்வொரு முழமாக மடித்து அழுத்திப் பார்ப்பார். உள்ளே நார் அறுந்திருந்தால் அந்த இடம் மெதுமெதுவென்று நெளியும். உராய்ந்து உருகிய இடம் கண்ணாடிபோல் வழுக்கும். பிசினும் மரத்தூளும் ஏறியிருந்தால் கயிறு வளையாது. பிறகு கரபினர் ஒவ்வொன்றையும் திறந்து விடுவார். கதவு தானாக மூடித் தானாகப் பூட்ட வேண்டும், அரைக்கணம் தயங்கினாலும் ஒதுக்கி வைத்துவிடுவார். ஹார்னஸின் தையலைக் குனிந்து நூல் நூலாக வாசிப்பார். இவ்வளவும் செய்யும்போது கயிற்றுக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று மகளின் கால்பந்தாட்டத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பார். இருபது வருடச் சிநேகிதம். பரிசோதகர் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே கத்தரியை எடுத்து, தேறாத கயிற்றை இரண்டாக வெட்டிவிடுவார். வெட்டாவிட்டால் அது திரும்ப மரத்துக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். சொந்தக்காரர் ஒரு கெட்டவார்த்தை சொல்லிவிட்டு மகளின் கதையைத் தொடர்வார்.

உண்மையான சண்டையை நான் கண்டது 2019, 2020 வாக்கில். உயரத்தில் வேலை செய்பவர்களுக்கான 2005ஆம் ஆண்டு விதிகள், தனித்தனியாகக் கட்டிய இரண்டு கயிறுகளில் தொங்க வேண்டும் என்கின்றன. மரக்காரர்கள் பெரும்பாலும் ஒரே கயிற்றில் ஏறி, வெட்டும் நேரத்தில் மட்டும் இடுப்புக் கயிறு ஒன்றைச் சேர்த்துக் கட்டுவது வழக்கமாக இருந்தது. இனி இரண்டு கயிறுதான் பொதுவிதி என்று தொழிற்பாதுகாப்புத் துறை அழுத்தமாகச் சொன்னதும் கவுண்டர் கொதித்தது. நரைத்த தாடிக்காரர் ஒருவர், என் வயதுக்கு மேல் மரத்தில் இருந்தவர், கோப்பையை மேசையில் அடித்து வைத்தார்: கிளைக்குள் இரண்டு கயிறு சிக்கினால் நான் கயிற்றை அவிழ்ப்பேனா மரத்தை வெட்டுவேனா? உங்களுக்கென்ன, இன்னொரு கயிறு விற்கும்! முதலாளிக்கு உண்மையாகவே வலித்தது. இரண்டு கிழமை அந்த மனிதர் வரவில்லை. மூன்றாம் கிழமை வந்து, இரண்டாவது கயிற்றை எந்த நிறத்தில் வாங்கினால் குழம்பாது என்று கேட்டார்.

2022 பெப்ரவரி 18, யூனிஸ் புயல் வீசிய வெள்ளிக்கிழமை. தென்கிழக்கு இங்கிலாந்துக்கே சிவப்பு எச்சரிக்கை. வைட் தீவின் நீடில்ஸ் முனையில் மணிக்கு 122 மைல் காற்று. அந்த வார இறுதியில் கடை ஞாயிறும் திறந்தது. சங்கிலி தீர்ந்தது, பிளேட் தீர்ந்தது. யாரிடம் மிச்சம் இருக்கிறதோ அவர் லொறியிலிருந்து எடுத்து வந்து தந்தார். ஒருவருக்கு வந்த தொலைபேசி அழைப்பை இன்னொருவர் ஏற்றுக்கொண்டு போனார். 1987 அக்டோபர்ப் புயலில் ஒன்றரைக் கோடி மரங்கள் விழுந்தன என்பார்கள். அன்றைக்குப் பையன்களாக அறுவை தொடங்கியவர்கள்தான் இன்றைக்கு முழங்கால் வலியோடு எங்கள் வாசலில் நிற்பவர்கள்.

கவுண்டரில் சில மாதங்களில் ஒரு தகர டப்பாவும் இருக்கும். யாராவது விழுந்திருப்பார். ஏறுகிறவர்களில் பலர் நாட்கூலிக்குச் சுயதொழில் செய்பவர்கள். படுத்தால் நோய்க்கால ஊதியம் கிடையாது. டப்பாவில் நாணயம் குறைவு, தாள்தான் விழும். கடை ஒரு ஹார்னஸைக் குலுக்கலுக்கு விடும். சீட்டு வாங்குகிறவர்கள் தாங்கள் வெல்லக்கூடாது என்பதற்காகவே வேறொருவர் பெயரை எழுதிப்போடுவதை நானே பார்த்திருக்கிறேன். இதை நான் மெச்சித்தான் எழுதுகிறேன். ஆனால் ஒரு மனிதனின் உடைந்த இடுப்பெலும்புக்குத் தகர டப்பாதான் வழி என்பதில் ஓர் அநியாயம் இருக்கிறது. சிநேகம் அதை மூடிவிடக் கூடாது.

சில வருடங்கள் க்ளொஸ்டர்ஷயரின் வெஸ்டன்பேர்ட் மரச்சோலையில் இவர்களுடைய கண்காட்சி நடந்தது. 1829இல் ராபர்ட் ஹோல்ஃபோர்ட் என்ற செல்வந்தர் நடத் தொடங்கிய சோலை அது. அங்கே நாங்கள் விற்கப் போவோம், அவர்கள் ஏறப் போவார்கள். மரத்தின் மேல் ஆங்காங்கே மணி கட்டியிருக்கும்; ஒவ்வொன்றையும் தொட்டு ஒலித்துவிட்டுக் குறித்த இடத்தில் வந்து இறங்க வேண்டும். பொம்மை ஆளை மேலிருந்து காப்பாற்றும் போட்டியில் மட்டும் கூட்டம் கைதட்டாமல் பார்க்கும்.

அந்தக் கூட்டத்தில் நிற்கும்போது ஊர் நினைவு வரும். எங்கள் வளவில் பனை சீவ வந்தவர் எந்த உலகப் போட்டிக்கும் குறையாத ஆள். காலில் தளைநார், இடுப்பில் பாளைக்கத்தியும் முட்டியும், வேறு பிடி இல்லை. விழுந்தால் பிடிக்கக் கயிறும் இல்லை. ஆனால் அவர் கிணற்றடியைத் தாண்டி வந்ததில்லை. அம்மம்மா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றியது சிரட்டையில். 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயில் வாசலில், ஒடுக்கப்பட்ட சாதியினரையும் உள்ளே விடு என்று மறியல் இருந்தவர்களில் அவருடைய ஆட்களும் இருந்தார்கள். அதைப்பற்றி எங்கள் வீட்டில் கதைத்த விதத்தை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

கடந்த வருடம் கடைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. “அது மரத்துக்குக் கயிறு விக்கிற கடையோ? அங்கை தமிழ் ஆள் ஒருத்தர் நிக்கிறாராம்.”

“ஓம் அக்கா, நான்தான்.”

“தம்பி, என்ரை மகன் யூனிவர்சிற்றியை விட்டிட்டு மரம் ஏறப் போறானாம். இஞ்சை வந்தும் மரம் ஏறுறதோ? ஊரிலை ஆக்கள் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது? நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கோ அவனுக்கு.”

பையனை எனக்குத் தெரியும். கில்ட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் மெரிஸ்ட் வூட் கல்லூரியில் மரப் பராமரிப்புப் படிக்கிறான். சனிக்கிழமைகளில் வந்து முடிச்சுப் பழகுவான். நரைத்தாடிக்காரருக்கு அவன்மேல் தனிப் பிரியம். நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. “ஒரு நாள் வந்து பாருங்கோ அக்கா” என்று தாயிடம்தான் சொன்னேன்.

வந்தார். மழைக்கோட்டோடு கயிற்று வரிசைக்கு முன்னால் நின்று, ஒன்றை இழுத்துப் பார்த்து, “இது எவ்வளவு தாங்கும்?” என்றார். இரண்டு தொன்னுக்கு மேல் தாங்கும் என்றேன்.

“அது சரி. வெட்டுற வாள் கயித்திலை பட்டால்?”

கவுண்டரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பையன் நிலத்தைப் பார்த்தான். நரைத்தாடிக்காரருக்குக் கேள்வியைச் சொன்னேன். அவர் எழுந்து வந்து, அதனால்தான் இரண்டு கயிறு என்று சொல்லி, ஒன்றை மேலே ஒரு கொளுவியிலும் மற்றதைத் தள்ளி இன்னொன்றிலும் மாட்டி, தன் உடம்பையே தொங்கவிட்டுக் காட்டினார். முதலாளி சிரிப்பை அடக்கப் பெட்டிகளுக்குப் பின்னால் போய்விட்டார்.

அந்த அம்மா அதோடு விடவில்லை. விழுந்தால் யார் பொறுப்பு, இன்சூரன்ஸ் கம்பனி கட்டுமா இவன் கட்ட வேண்டுமா என்று கேட்டார். இவன்தான், விபத்துக் காப்புறுதி தனியாக எடுக்க வேண்டும் என்றேன். மாதம் எவ்வளவு வரும்? தாடிக்காரர் தன் தொலைபேசியைத் திறந்து தான் கட்டும் தொகையைக் காட்டினார். வயது குறைந்தவனுக்கு இவ்வளவு வராது என்றும் சொன்னார். தாய் அந்தத் தொகையை ஒரு பில்லின் பின்பக்கம் எழுதி, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு மகனைத் திரும்பிப் பார்த்தார்.

“முதல் இதைக் கட்டு. பிறகு ஏறு.”