காரைக்குடியில் தேடிய கைப்பிடிகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு நான் போனது இரண்டு பித்தளைக் கைப்பிடிகளுக்காக. எங்கள் சமையலறையில் இருப்பது ஆச்சி காலத்து மர அலமாரி. மாடுலர் கிச்சன் போட, அதைப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட இருந்தார் அம்மா. "ஒரு வாரம் டைம் குடும்மா, நானே பெயின்ட் அடிக்கிறேன்" என்று வாங்கியிருந்தேன் அவகாசம்.

தெரு முழுக்கப் பழம்பொருள் கடைகள். எனாமல் தூக்குகள், பீங்கான் ஜாடிகள், செட்டிநாட்டு வீட்டுக் கதவுகள். கடைக்காரப் பெரியவரிடம் போனில் அலமாரியைக் காட்டினேன். "ஒரு மூலையில சுரண்டிப் பாருங்க தம்பி. பர்மா தேக்கா இருந்தா பெயின்ட்டால மூடிராதீங்க" என்றார்.

பழைய பெயின்ட்டில் காரீயம் இருக்கலாம். அதனால் மாஸ்க் போட்டு, தண்ணீர் தொட்டு, 120-ம் நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்தேன். பச்சைக்குக் கீழே நீலம். அதற்கும் கீழே, பொன்பழுப்பில் தேக்கு!

கதவுகளுக்கு வார்னிஷ் மட்டும். உள்தட்டுகள் சாதா மரம். நன்றாகக் காயவிட்டு பிரைமர், 220-ல் லேசான தேய்ப்பு, பிறகு இரண்டு கோட் வெள்ளை எனாமல். கைப்பிடிகளை மாட்டியபோது அம்மா எதுவும் சொல்லவில்லை.

வாடை போன பிறகு ஒருநாள் காலை பார்த்தேன். காபித்தூள் டப்பா பழைய இடத்துக்கே வந்திருந்தது.