பால் வந்தால் விட்டுவிடு

இலைக் காம்பைக் கிள்ளிப் பார்க்க வேண்டும். வெள்ளையாகப் பால் கசிந்தால் கையை எடுத்துவிட வேண்டும். தெளிந்த நீர்தான் வருகிறதென்றால் சவளை ஊன்றலாம். ரூஜ் ஆற்று முகத்துவாரத்தில் சில கோடைகளாகத் தொண்டனாகக் களை எடுத்துவருகிறேன். இந்த வேலையில் நான் கற்றதில் பாதி இந்த ஒரு கிள்ளலுக்குள் அடங்கிவிடும்.

ஸ்காபரோவில் லோரன்ஸ் அவெனியூ கிழக்கே போய் முடிகிற இடம். ஆற்றுக்குக் குறுக்கே கோ ரயில் பாலம், அக்கரையில் பிக்கரிங். கோடை வந்தால் அந்த மணற்கரையில் நம் சனம் நிறைந்துவிடும். பிள்ளைகள் தண்ணீரில் நிற்பார்கள், பெரியவர்கள் தூண்டிலோடு இருப்பார்கள். ஒன்ராறியோ ஏரிக்கு அலை உண்டு, மணல் உண்டு, உப்பு மட்டும் இல்லை. ஆனால் ஏரியைப் பார்த்துத் திரும்புகிறவர்களில் பலர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சதுப்பைப் பார்ப்பதில்லை. ரொறன்ரோ நகருக்குள் எஞ்சியிருக்கும் பெரிய சதுப்பு நிலம் அதுதான். 17ஆம் நூற்றாண்டில் இந்த ஆற்றோரம் செனகா மக்களின் ஊர் இருந்தது. 1970களில் வீடுகளும் சாலைகளும் நெருங்கி வந்தபோது, இந்தப் பள்ளத்தாக்கைக் காக்கவென்று அயலில் குடியிருந்தவர்களே சங்கம் அமைத்துக் கூட்டம் கூட்டமாகப் போய் வாதாடினார்கள். 2015இல் சட்டம் வந்து இது தேசிய நகர்ப்புறப் பூங்காவானது. இன்று 79 சதுர கிலோமீட்டர். யாரோ எங்களுக்காகப் பேசி வைத்த நிலம் என்ற நினைப்பு இல்லாமல் அதில் நான் கால் வைப்பதில்லை.

நாங்கள் எடுக்கும் களையின் பெயர் டோக் ஸ்ட்ராங்லிங் வைன். எங்களுக்குள் டிஎஸ்வி. உக்ரைன், ரஷ்யப் பக்கத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த கொடி. பக்கத்துச் செடியைச் சுற்றி ஏறி, வெயிலை மறைத்து, கீழே எதையும் முளைக்க விடாது. நாங்கள் காக்க நினைப்பது மில்க்வீட் செடியை. மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு அந்த இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. டிஎஸ்வியும் மில்க்வீடும் ஒரே குடும்பம், நம் ஊர் எருக்கும் அதே குடும்பம். எருக்கிலையில் முட்டையிடும் வெந்தய வரியன் மொனார்க்குக்கு ஒன்றுவிட்ட சகோதரி. ஊரில் வேலியோரம் நின்ற எருக்கை நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. இங்கே வந்து முழங்காலில் நின்றபோதுதான் அது என்னவென்று தெரிந்தது.

உறவுச் செடி என்பதால் மொனார்க் சில நேரம் ஏமாந்துபோய் டிஎஸ்வியிலும் முட்டையிட்டுவிடும். பொரிக்கிற புழு அதைத் தின்று வளர முடியாமல் சில நாளில் செத்துப்போகும். மனிதரும் ஏமாறலாம். முதல் வருடம் நான் ஏமாந்தேன். இளங்கன்றுகளில் இரண்டுக்கும் இலைகள் எதிரெதிராகத்தான் இருக்கும். ஒரு காலை முழுக்கச் சுறுசுறுப்பாகப் பிடுங்கிப் பையில் திணித்தேன். குழுவில் மூத்த அம்மா ஒருவர் பைக்குள் கைவிட்டு ஒரு தண்டை எடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை, இலையை முறித்துக் காட்டினார். பால் அவருடைய கையுறையில் சொட்டியது. இன்னொரு இலையின் அடியில் கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரியோடு சின்ன விரல் நகமளவு புழு ஒன்று. அதை வேறொரு செடியில் ஏற்றிவிட்டார். அன்று பையில் கிடந்த செடிகளை இன்றும் மறக்கவில்லை.

சரியான செடிதான் என்று தெரிந்த பிறகும் இழுக்கக் கூடாது. இழுத்தால் தண்டு அறுந்து கையோடு வரும். மண்ணுக்குள் இருக்கும் வேர்முடியிலிருந்து ஒன்றுக்கு நாலாக முளைக்கும். சவளைச் செங்குத்தாக இறக்கி, நெம்பி, வேர்முடியோடு எடுக்க வேண்டும். இடியப்பம் பிழிந்ததுபோல வெளுத்த வேர்கள் கொத்தாக வரும். காய் வெடிப்பதற்கு முன்பு இந்த வேலை முடிய வேண்டும். பிந்திவிட்டால் காயை மட்டும் கறுப்புப் பையில் சேர்த்துக் கட்டுவோம். ஒரு விதையிலிருந்தே ஒன்றுக்கு மேற்பட்ட கன்றுகள் வரக்கூடும், பஞ்சு முளைத்த விதை காற்றில் எங்கும் போகும். பூங்கா ஊழியர் ஒருவர் உடன் இல்லாமல் நாங்கள் எதையும் தொடுவதில்லை.

சதுப்பின் விளிம்பில் ஐரோப்பிய நாணல் வேறொரு போராட்டம். அதை மண்ணுக்குக் கீழே சாய்வாக வெட்டுவோம். தண்ணீருக்குள் நிற்பதைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வெட்டினால் வேருக்குக் காற்றுப் போகாமல் அழுகும். ஆனால் சதுப்புக்குக் கேடு களையால் மட்டும் வந்ததல்ல. செயின்ட் லோரன்ஸ் ஆற்றில் அணை வந்து, 1960இலிருந்து ஏரியின் மட்டம் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஏறி இறங்க வேண்டிய தண்ணீர் அடங்கிப்போனதும், பலவகைப் புல் பூண்டு நின்ற இடத்தைச் சம்பு மட்டும் பிடித்துக்கொண்டது. 2017இல் மட்டத்துக்கான விதிகளை மாற்றி, ஏரிக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தார்கள். கரையோரம் வீடு வைத்திருப்போருக்கு அதில் கோபம் உண்டு, அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் சதுப்பின் பக்கம்தான்.

உயர்தரப் பள்ளிப் பிள்ளைகள் 40 மணிநேரத் தொண்டுக்காக வருவார்கள். போன வருடம் ஒரு தம்பி கேட்டான்:

"அங்கிள், இது எப்ப முடியும்?"

"முடியாது, தம்பி."

"அப்ப ஏன் செய்யிறீங்கள்?"

டிஎஸ்வியை மட்டும் தின்னும் உக்ரைன் அந்துப்பூச்சியை 2013இலிருந்து ஒன்ராறியோவில் விட்டுப் பார்க்கிறார்கள் என்று சொன்னேன். அது பெருகப் பல வருடம் எடுக்கும். அவனுக்கு அது போதவில்லை, எனக்கும் போதாது. எனவே அவனைக் கூட்டிக்கொண்டு, மூன்று கோடையாக நாங்கள் திரும்பத் திரும்பத் தோண்டிய துண்டுக்குப் போனேன். யாழ்ப்பாணக் கணக்கில் அரைப் பரப்புக் காணி வரும். அங்கே யாரும் நடாமலே மில்க்வீட் எழும்பி நின்றது. அவன் குனிந்து இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினான். ஐந்தாவதோ ஆறாவதோ இலையில் புழு இருந்தது. நடு நரம்புக்குப் பக்கத்தில் வளைவாகக் கடித்துக்கொண்டிருந்தது. கடித்த இடத்தில் பால் முத்தாக நின்றது.